லிஸ்பன்: ஏறாமல் இறங்கிப் பாருங்கள்

லிஸ்பனுக்கு டிக்கெட் போட்டாச்சு, என்னென்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இடங்களின் பட்டியலை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், எது மேட்டில் இருக்கிறது, எது பள்ளத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். போனில் வரைபடத்தைத் திறந்தால் ரோசியு சதுக்கத்திலிருந்து சாவ் ஜோர்ஜ் கோட்டை கூப்பிடு தூரத்தில் இருப்பதாகத் தெரியும். நடக்க ஆரம்பித்த பிறகுதான் படிக்கட்டு வரும். அது முடிந்தால் ஒரு வளைவு, வளைவுக்குப் பின்னால் இன்னொரு படிக்கட்டு. கோட்டை ஆற்று மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேலே இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லாது, முழங்கால் சொல்லும்.

நம் ஊரிலிருந்து ஐரோப்பா போகிறவர்கள் பலர் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நானும் அம்மாவை அழைத்துப் போனேன். அவருக்கு மூட்டுவலி. ஏறும்போது பத்து படிக்கு ஒருதரம் நிற்பார். இறக்கமும் நிழலும் இருந்தால் நம்மைவிட வேகமாக நடப்பார். அவரோடு சுற்றியதில்தான் இந்த ஊரின் மேடுபள்ளக் கணக்கு எனக்குப் பிடிபட்டது. மேலே போவதற்கு லிஃப்டோ பஸ்ஸோ டிராமோ எதையாவது பிடிக்க வேண்டும். கீழே வருவதற்கு மட்டும் கால்களைச் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு நாளையும் ஒரு மேட்டின் உச்சியில் தொடங்கி ஆற்றங்கரையில் முடிப்பதாகத் திட்டம் போட்டால், வயதானவர்களும் குழந்தைகளும் மாலை வரைக்கும் முகம் சுளிக்காமல் கூட வருவார்கள்.

தங்கும் இடத்திலேயே இந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அல்ஃபாமாவில் ஜன்னலில் துணி காயும் பழைய வீடு ஒன்றைப் படத்தில் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். அங்கே பல சந்துகளுக்குள் கார் நுழையாது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படி ஏறி, அதன் பிறகு கட்டடத்துக்குள்ளும் மூன்று மாடி ஏற வேண்டியிருக்கும்; பழைய கட்டடங்களில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. அறை பதிவு செய்யும்போது லிஃப்ட் உண்டா, எத்தனையாவது மாடி, டாக்சி வாசல் வரைக்கும் வருமா என்ற மூன்றையும் எழுதியே கேளுங்கள். நான் பரிந்துரைப்பது சமதளமான பைஷா பகுதி, அல்லது மெட்ரோவை ஒட்டிய அவெனீதா, சால்தான்யா பக்கம். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அல்ஃபாமாவிலும் மொராரியாவிலும் தலைமுறையாகக் குடியிருந்த வாடகைக்காரர்கள் பலர், வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாறியதில் வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே நடந்து பார்ப்போம், சாப்பிடுவோம், காசு செலவழிப்போம். படுப்பதற்கு மட்டும் முறையான ஹோட்டலுக்குப் போவோம் என்பது என் கட்சி. ஹோட்டல் வாடகையோடு ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி தனியாகக் கேட்பார்கள். முதல் ஏழு இரவுகளுக்குத்தான் அந்த வரி, சிறு பிள்ளைகளுக்குக் கிடையாது.

இனி ஏறும் வழிகள். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், கையேடுகளில் இது சிதறித்தான் கிடக்கும்.

பைஷாவுக்கும் அதற்கு மேற்கே மேட்டில் இருக்கும் ஷியாடுவுக்கும் நடுவே பைஷா-ஷியாடு என்றே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. கட்டியவர் போர்ச்சுகலின் பெரிய கட்டடக் கலைஞர் ஆல்வரு சிசா. மிக ஆழமான நிலையம் இது. கீழே குருசிஃபிஷு தெரு வாசலில் நுழைந்து, அடுக்கடுக்காக வரும் நகரும் படிக்கட்டுகளில் நின்றுகொண்டே போனால், மேலே ஷியாடு சதுக்கத்தில், கவிஞர் பெசோவாவின் வெண்கலச் சிலை உட்கார்ந்திருக்கும் காபிக் கடையின் பக்கத்தில் வெளியே வரலாம். டிக்கெட் கதவைத் தாண்ட வேண்டியதில்லை, ஆகவே காசு கிடையாது. சில நாள் ஏதாவதொரு படிக்கட்டு பழுதாகி நிற்கும். அன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிழக்கே கோட்டைப் பக்கம் ஏறுவதற்கு மாநகராட்சி இரண்டு லிஃப்டுகளை இலவசமாக விட்டிருக்கிறது. பைஷாவில் ஃபான்கெய்ருஷ் தெருவில், துணிக்கடைகளுக்கு நடுவே பழைய வீட்டு வாசல் மாதிரி இருக்கும் ஒரு கட்டடத்துக்குள் முதல் லிஃப்ட். சுவரில் கோட்டைப் படம் போட்ட சின்ன அறிவிப்பு இருக்கும், தவறவிடுவது சுலபம். அதில் ஏறி மேல் தெருவில் வெளியே வந்து, எதிரே இருக்கும் சின்னச் சதுக்கத்தைக் கடந்தால், பழைய சந்தைக் கட்டடம் ஒன்றில் சூப்பர் மார்க்கெட்டும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. அதற்குள் இரண்டாவது லிஃப்ட். அது உங்களைக் கோட்டைச் சுவருக்கு வெகு பக்கத்தில் இறக்கிவிடும். வழி புரியாவிட்டால் மளிகைப் பையோடு நடக்கும் பாட்டி யாராவது முன்னால் போகிறாரா என்று பாருங்கள். இந்த லிஃப்டுகளைக் கட்டியதே அவர்களுக்காகத்தான். நாங்கள் போனபோது அப்படி ஒரு பாட்டி அம்மாவின் காலைப் பார்த்தார், தன் காலைத் தொட்டுக் காட்டினார், சிரித்துக்கொண்டே லிஃப்டுக்குள் இடம் விட்டு ஒதுங்கி நின்றார். மொழியே தேவைப்படவில்லை.

லிஃப்ட் ஏறவும் மனமில்லை என்றால் ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 என்ற சின்ன பஸ் கோட்டை வாசல் வரைக்கும் போகிறது. மார்த்திம் மொனீஷ் சதுக்கத்திலிருந்து மொராரியாவுக்குள் ஏறவும் தெருவோரத்தில் நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

மஞ்சள் நிற 28ஆம் எண் டிராமைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மார்த்திம் மொனீஷில் புறப்பட்டு கிராசா, அல்ஃபாமா, பைஷா, ஷியாடு, எஷ்த்ரேலா வழியாக காம்பு து ஒரீக்கில் முடிகிறது. மரப்பெஞ்சும் பித்தளைக் கைப்பிடியுமாக இருக்கும் அந்தச் சின்ன வண்டிகளைத்தான் அந்தக் குறுகலான வளைவுகளில் ஓட்ட முடியும். நீளமான புது டிராம் அங்கே திரும்பவே திரும்பாது. அதனால்தான் இன்னமும் அது ஓடுகிறது. பத்து மணிக்கு மேல் மார்த்திம் மொனீஷில் போய் நின்றால் வரிசை சதுக்கத்தைச் சுற்றி வரும், ஏறினாலும் உட்கார இடம் இருக்காது. காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் மறுமுனையான காம்பு து ஒரீக்கில் ஏறுங்கள். அந்தத் தடத்துக்காரர்களுக்கு அது டவுன் பஸ் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மருந்து வாங்கவும் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடவும் போகிறவர்கள் நமக்குப் பின்னால் நிற்பார்கள். முதியவர் ஏறினால் எழுந்து இடம் கொடுத்துவிடுங்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், போனைப் பின்பாக்கெட்டில் வைக்க வேண்டாம். பிக்பாக்கெட்காரர்களுக்கும் பிடித்த வண்டி அது. கூட்டம் தாங்கவில்லை என்றால் 24ஆம் எண் டிராமும் அதே வகைப் பழைய வண்டிதான், நெரிசல் எவ்வளவோ குறைவு.

செங்குத்தான தெருக்களில் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் பெட்டிகளும் லிஸ்பனுக்குப் பேர் போனவை. பழனி மலை விஞ்ச் போலத்தான், ஒரு பெட்டி ஏறினால் மற்றது இறங்கும். 1885இலிருந்து ஓடிக்கொண்டிருந்த குளோரியா விஞ்சில் 2025 செப்டம்பர் 3ஆம் தேதி மாலை கம்பி வடம் கழன்று, பெட்டி தெரு வளைவில் இருந்த கட்டடத்தில் மோதி 16 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு மற்ற விஞ்சுகளையும் நிறுத்திவிட்டுச் சோதனை செய்யத் தொடங்கினார்கள். ஆகவே எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று நகரப் போக்குவரத்து நிறுவனமான காரிஸின் தளத்தில் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். குளோரியா விஞ்ச் தெரு வழியாகப் போக நேர்ந்தால் அந்த இடத்தில் சிரித்தபடி படம் எடுக்காதீர்கள். இறந்தவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள், நம்மைப் போல ஊர் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள்.

இனி நடை. லிஸ்பனில் ஒரே ஒரு நாள்தான் இருக்கப் போகிறீர்கள் என்றாலும் இந்த நடையை விட்டுவிடாதீர்கள். காலையில் டிராமிலோ டாக்சியிலோ கிராசாவுக்கு மேலே இருக்கும் செஞ்ஞோரா து மோந்த் என்ற திட்டுக்குப் போய்விடுங்கள். ஊரிலேயே உயரமான பார்வையிடம் அது. கோட்டை, ஆறு, தூரத்தில் செந்நிறத் தொங்குபாலம் எல்லாம் ஒரே வீச்சில் தெரியும், கட்டணம் கிடையாது. கோட்டைக்குள் போக நுழைவுக் கட்டணம் 15 யூரோவுக்கும் மேல். காட்சிக்காக மட்டும் என்றால் அதைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அங்கிருந்து கீழே வந்தால் கிராசா தேவாலயத்தின் முன் இன்னொரு திட்டு, பைன் மர நிழலில் காபிக் கடை. இன்னும் இறங்கினால் சாவ் விசென்ட் து ஃபோரா மடம். நீலமும் வெள்ளையுமான ஓட்டுச் சித்திரங்களைப் போர்ச்சுகலில் எங்கும் பார்க்கலாம் என்றாலும், இங்கே பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் எழுதிய விலங்குக் கதைகளையே ஒரு வரிசையாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். நரியும் கொக்கும் கதையைச் சுவரில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நகர மாட்டார்கள்.

மடத்துக்குப் பின்னால் இருக்கும் சாந்தா கிளாரா திடலில் செவ்வாயும் சனியும் பழைய பொருள் சந்தை கூடுகிறது. பழைய ஓடுகள் விற்பவர்களும் இருப்பார்கள். வீட்டுச் சுவர்களிலிருந்து திருடிப் பெயர்த்தவையும் அதில் கலந்து வருவதுண்டு. ஓடு வேண்டுமென்றால் இன்றைக்கும் கையால் தீட்டும் பட்டறைகளில் புதிதாக வாங்குங்கள். திடலை ஒட்டிய வெள்ளைக் குவிமாடம் தேசிய நினைவு மண்டபம். ஃபாது என்ற போர்ச்சுகல் பாட்டு வகையின் பாடகி அமாலியா ரோத்ரிகஷும், மொசாம்பிக்கில் பிறந்த கால்பந்து வீரர் எவுசேபியுவும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் தருகிற மரியாதையை ஒரு பாட்டுக்காரிக்கும் பந்து உதைத்தவருக்கும் தந்த நாடு என்பதே என்னை அந்த ஊரோடு நெருக்கமாக்கியது.

அங்கிருந்து அல்ஃபாமா சந்துகளில் இறங்கலாம். இங்கே வழி தவறினாலும் கவலை இல்லை. கீழே போகும் எந்தப் படியைப் பிடித்தாலும் ஆற்றங்கரைக்கு வந்துவிடும், அங்கே சாந்தா அப்போலோனியா மெட்ரோ நிலையம் இருக்கிறது. மதியம் ஒரு மணிவாக்கில் போனால் வாசல்களில் கரியடுப்பு வைத்து மீன் சுடுவார்கள். ஜூனிலிருந்து கோடை முடியும் வரை மத்திக்குக் காலம்; தூத்துக்குடிப் பக்கம் சாளை என்போமே, அதுதான். கல்லுப்பு போட்டுச் சுட்டு, ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தருவார்கள். மீனின் கொழுப்பு இறங்கி ஊறிய அந்த ரொட்டியைக் கடைசியாகச் சாப்பிட வேண்டும். ஜூன் 12ஆம் தேதி இரவு புனித அந்தோணியார் திருவிழா. அன்றைக்கு அல்ஃபாமா முழுக்கப் புகையும் பாட்டுமாக இருக்கும், அறை கிடைப்பதும் கஷ்டம். மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நடைபாதை முழுக்க உள்ளங்கையளவுகூட இல்லாத சுண்ணாம்புக்கல், இடையே கருங்கல்லில் கோலம். பாதை போடுபவர் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, கல்லை இடது உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, சுத்தியலின் கூர்முனையால் இரண்டு தட்டுத் தட்டி, பக்கத்துக் கல்லோடு பொருந்தும்படி மணலில் பதிப்பார். பொருந்தாவிட்டால் மறுபடி எடுத்துத் தட்டுவார். கொஞ்சம் நின்று பார்த்தால் அந்தப் பாதையில் கால் வைக்கவே கூச்சமாக இருக்கும். இந்தக் கற்கள் வருடக்கணக்கில் மிதிபட்டு வழவழப்பாகிவிட்டன, மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். நல்ல ரப்பர் அடியுள்ள ஷூ வேண்டும். தோல்செருப்பும் ஹீல்ஸும் பெட்டியிலேயே இருக்கட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம் என்பதால் பெரியவர்களோடு போக ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. ஆகஸ்ட் வெயில் நமக்குப் பழகியதுதான், கூட்டம்தான் பழகாது.

பைஷா மட்டும் ஏன் கோடு போட்டது மாதிரி நேர்த்தெருக்களாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். தேவாலயங்களில் ஜனங்கள் நிறைந்திருந்த காலை நேரத்தில் நிலநடுக்கம் வந்தது. வீடுகளை விட்டு ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓடியவர்களைச் சுனாமி கொண்டுபோனது. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவத்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ நாள்கணக்கில் எரிந்தது. பிற்பாடு பொம்பால் பிரபு ஆன அமைச்சர் பழைய சந்துகளின் இடிபாடுகளை அகற்றி, இந்த நேர்த்தெருக்களைப் போட வைத்தார். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூண்டு போலப் பின்னினார்கள். சுவர் உதிர்ந்தாலும் கூண்டு நிற்க வேண்டும் என்பது எண்ணம். மாதிரி வீடு கட்டி, அதைச் சுற்றிப் படைவீரர்களைக் கால் உதைத்து நடக்க வைத்துச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். 2004 டிசம்பரை நம் கடற்கரையில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆற்றைப் பார்த்துத் திறந்திருக்கும் கொமேர்சியு சதுக்கத்தில் நின்றால், தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று கண் தானாகத் தேடும்.

அந்த நாளைப் பார்க்க வேண்டுமானால் கார்மு மடத்துக்குப் போங்கள். நிலநடுக்கத்தில் கூரை விழுந்த கோதிக் தேவாலயம். வளைவுகள் மட்டும் வானத்துக்கு நேரே நிற்கின்றன. சொன்னேனே, ஷியாடு நகரும் படிக்கட்டு, அதில் வந்தால் ஐந்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதன் முன்னால் இருக்கும் சதுக்கத்தை ஒட்டிய படைமுகாமில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் கயத்தானு படையினரிடம் சரணடைந்தார். துப்பாக்கிக் குழல்களில் ஜனங்கள் கார்னேஷன் பூ செருகிய நாள் அது.

கூட்டம் கவனிக்காமல் போகும் ஓர் இடம் ரோசியு பக்கத்தில் இருக்கும் சாவ் தொமிங்குஷ் தேவாலயம். 1959இல் உள்ளே பெரிய தீ விபத்து. பழுதுபார்க்கும்போது அந்தக் காயத்தை மறைக்காமல் விட்டுவிட்டார்கள். தூண்களின் கல் வெடித்து, செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. சில இடங்களில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேலே புதுக்கூரைக்கு ஆரஞ்சு கலந்த செம்மண் நிறம். வெளியே சதுக்கத்தில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல் இருக்கிறது. 1506இல் இந்தத் தேவாலயத்தில் தொடங்கிய வெறியாட்டத்தில் நகரத்து யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள், அவர்களுக்கான நினைவுக்கல் அது. நுழைவு இலவசம். வழிபாட்டு நேரமாக இருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்த பிறகு சுற்றிப் பாருங்கள்.

ஊருக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் பெலேமுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான அரசு அருங்காட்சியகங்களும் ஜெரோனிமுஷ் மடமும் அன்றைக்கு மூடியிருக்கும். எல்லோரும் 15ஆம் எண் டிராமில் நெருக்கியடிப்பார்கள். கைஷ் து சொத்ரே நிலையத்தில் கஷ்காய்ஷ் போகும் புறநகர் ரயிலில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் பெலேம், உட்கார்ந்தே போகலாம். 1501இல் தொடங்கிய மடத்தின் கட்டுமானச் செலவில் பெரும்பங்கு, ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த சரக்குகளின் மீது போட்ட 5 சதவீத வரியிலிருந்து வந்தது. மலபார் மிளகு அந்தத் தூண்களில் கலந்திருக்கிறது. உள்முற்றத்துக்குக் கட்டணமும் நீண்ட வரிசையும் உண்டு, தளத்தில் நேரம் குறித்து வாங்கிவிடுங்கள். ஒட்டியிருக்கும் தேவாலயத்துக்குக் கட்டணமில்லை. நுழைந்ததும் ஒரு பக்கம் வாஸ்கோ ட காமா கல்லறை, மறுபக்கம் கவிஞர் கமோயிஷ். 1524இல் கொச்சியில் இறந்து முதலில் அங்கேயே புதைக்கப்பட்டவர் காமா. கல்லறையில் செதுக்கியிருக்கும் கப்பலைப் பார்க்கும்போது, அவருடைய பீரங்கிகள் மலபார்க் கரையில் செய்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் கடல்வழி கண்டதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தமிழர்களுக்கு லிஸ்பனோடு இன்னொரு உறவும் இருக்கிறது. 1554இல் இந்த ஊரில்தான் தமிழின் முதல் அச்சுநூல் வந்தது. கிறிஸ்தவ மந்திரங்களைச் சொல்லித்தரும் சிறு நூல். தமிழ் வாசகங்கள் ரோமன் எழுத்தில், கூடவே போர்த்துகீசியம். தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளியானது அதற்குப் பிறகு, 1578இல். அந்த லிஸ்பன் நூலின் பிரதி ஜெரோனிமுஷ் கட்டடத்திலேயே இருக்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. புனரமைப்புக்காக அந்த அருங்காட்சியகத்தை மூடியிருந்தார்கள். பார்க்கக் கிடைக்காவிட்டாலும், அந்த நீண்ட வெள்ளைக் கட்டடத்தை ஒட்டி நடக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கே 1837இலிருந்து நடக்கும் பஷ்தெய்ஷ் து பெலேம் கடையில் வெளியே பார்சல் வரிசை பயமுறுத்தும். நேரே உள்ளே போங்கள், அறைக்குள் அறையாகப் பெரிய கூடங்கள் இருக்கின்றன, இடம் சீக்கிரம் கிடைக்கும். அங்கே விற்கும் கஸ்டர்டு டார்ட்டின் மேலே பட்டைப்பொடியும் சர்க்கரைத்தூளும் தூவி, சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். முட்டை மஞ்சள்கரு சேர்ந்தது என்பதை முட்டை தொடாதவர்கள் நினைவில் வையுங்கள்.

சைவக்காரர்களுக்கு லிஸ்பன் கொஞ்சம் சிரமம், முடியாதது இல்லை. கீரைச் சூப் என்று மகிழ்ச்சியோடு வாங்கும் கால்து வெர்தில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். “சேங் கார்ன், சேங் பெய்ஷ்” என்று சொல்லிப் பழகுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். மார்த்திம் மொனீஷை ஒட்டிய பென்ஃபர்மோசு தெருவில் வங்கதேச, நேபாள, இந்தியக் கடைகளில் பருப்பும் சோறும் கிடைக்கும். லுமியார் பக்கம் ராதா கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. மொசாம்பிக்கிலிருந்து வந்து குடியேறிய குஜராத்திகளின் சமூகம் நடத்துவது, அங்கே சைவச் சாப்பாட்டுக்கூடமும் உண்டு. நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை. தொடாவிட்டால் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். வேண்டாமென்றால் அப்போதே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மதியம் அன்றைய சாப்பாடு என்று பலகையில் எழுதியிருப்பதுதான் மலிவும் சுவையும். பல இடங்களில் அரைப் பங்கு கேட்கலாம், அதுவே நமக்கு ஒருவர் சாப்பாடு. மூன்று மணிக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி ஏழரைக்குத்தான், பெரியவர்களின் மாத்திரை நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். பால் காபி வேண்டுமென்றால் கலாவ், உயரமான கண்ணாடி டம்ளரில் வரும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

பணம்: வங்கிக் கட்டடத்தோடு இருக்கும் மல்ட்டிபாங்கு ஏடிஎம்மில் எடுங்கள். ரூபாயில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம், யூரோவிலேயே என்று அழுத்துங்கள். ரூபாய்க் கணக்கில் நஷ்டம் நமக்கு. மெட்ரோ நிலைய இயந்திரத்தில் நவெகாந்த் என்ற பயண அட்டை அரை யூரோ. ஆளுக்கு ஒன்று வேண்டும், பகிர முடியாது. நிறைய ஏறி இறங்கும் நாளில் 24 மணி நேரச் சீட்டு லாபம். ஏதாவது தொலைந்தால் ரெஷ்டௌரதோரெஷ் சதுக்கத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான காவல் நிலையம் இருக்கிறது. பைஷாவில் காதோரம் வந்து போதைப்பொருள் வேண்டுமா என்று கிசுகிசுப்பவர்களுக்குப் பதிலே சொல்லாமல் நடந்துவிடுங்கள்.

ஒரு மாலை ஃபாதுவுக்கு. பாட்டு தொடங்கும்போது விளக்கைக் குறைப்பார்கள், பரிமாறுவதையும் நிறுத்துவார்கள். அந்த நேரம் பேசக் கூடாது, தட்டில் கரண்டி படும் சத்தம்கூடக் கூடாது. குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். இன்னொரு மாலை கைஷ் து சொத்ரேயிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் கசீல்யாஷுக்குப் படகில் போய்வாருங்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் படகு அது, பத்து நிமிடப் பயணம், காசும் கொஞ்சம்தான். ஏறிய மேடுகள் எல்லாம் ஆற்றிலிருந்து ஒரே வரிசையாகத் தெரியும். ஆற்றுலா என்று விற்கும் விலையுயர்ந்த படகுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்து ஊரான சிந்த்ரா போவதானால் ரோசியு நிலையத்திலிருந்து 40 நிமிட ரயில். அங்குள்ள பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டை முன்பே வாங்காமல் போகாதீர்கள்.

விசா ஷெங்கன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை விடுமுறைக்கு என்றால் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, மெட்ரோவின் சிவப்புத் தடம் வாசலில் நிற்கும், அலமேதாவில் பச்சைத் தடம் மாறினால் ரோசியு. நள்ளிரவு ஒரு மணிக்கு மெட்ரோ நின்றுவிடும். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கைரேகையும் படமும் எடுக்கும் முறை 2025 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து கடவுச்சீட்டு வரிசை நகரவே நகராத நாள்களும் உண்டு. திரும்பும் நாளில் நாலு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், அந்த வரிசை தனி.